ஐந்து மணி ஷிப்ட்

மாக்சன்ஸ் அந்தச் செய்தியைச் சொன்னபோது ஜிசெல் காலைச் சாப்பாட்டு மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவக்கூட வேண்டியிருக்கவில்லை. வெண்ணெய் தட்டிலேயே உருகி எண்ணெயாக ஓடிக்கொண்டிருந்தது.

மாக்சன்ஸ் சுற்றுலாக் கம்பெனியின் வழிகாட்டி. இருபத்தேழு வயது. பிரான்சின் வடகோடியிலிருந்து முப்பத்தெட்டுக் கிழடுகளைப் பஸ்ஸில் ஏற்றித் தென்கோடிக்குக் கூட்டிவந்து, காட்ட வேண்டியதைக் காட்டி, ஒன்றும் உடையாமல் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. வந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அதற்குள் அவன் முகம் ஐந்து வயது கூடிப் போயிருந்தது.

"சிவப்பு எச்சரிக்கை போட்டுட்டாங்க. இன்னைக்கு நாப்பத்திரெண்டு டிகிரி. நாளைக்கு அதுக்கும் மேல போகுமாம். அதனால வெளிய போற நிகழ்ச்சி எல்லாம் ரத்து. கோபுரம் இல்ல, அரங்கம் இல்ல. நீம், ஆர்ல் ரெண்டு ஊரும் இல்ல. அதுக்குப் பதிலா..." இங்கே அவன் புன்னகை செய்தான். "பக்கத்துல இருக்கற ஷாப்பிங் சென்டர்! உள்ள முழுக்க ஏசி. சினிமா இருக்கு, கேன்டீன் இருக்கு. மீதி மூணு நாளும் அங்கதான்."

ஜிசெல் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தம்பி, எங்க ஊர்லயும் அது ஒண்ணு இருக்கு. இதே பேரு, இதே போர்டு. வீட்டுல இருந்து நடந்தா பத்து நிமிஷம். அதைப் பாக்கறதுக்கா ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கூட்டிட்டு வந்தே?"

"உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்."

"என் பாதுகாப்பு என்கிட்ட பத்திரமா இருக்கு. கோபுரம் எங்க?"

அவர்கள் வந்து இறங்கியிருந்த மொன்தராக் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் வருவது அந்தக் கோபுரத்துக்கும், அதன் காலடியில் கிடக்கும் ரோமாபுரிக் காலத்து அரங்கத்துக்கும்தான். பஸ் வரும்போது நெடுஞ்சாலையிலிருந்தே கோபுரம் தெரிந்தது. ஹோட்டலின் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்தும் தெரிந்தது. கண்ணில் காட்டிவிட்டுக் கையில் கொடுக்காமல் இருப்பதில் ஒரு அநியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மாக்சன்ஸ் ஒரு தாளை எடுத்தான். அதில் ஏழு பெயர்கள். உடம்பு பலவீனமானவர்கள் என்று கம்பெனி முடிவு செய்த ஏழு பேர். நாளைக்குள் அவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகள் வந்து அழைத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் மதியம் ஒரு மணி ரயிலில் கம்பெனியே ஏற்றிவிடும். மூன்றாவது பெயர் ஜிசெல் தெலெபார், வயது எழுபத்தாறு.

அவளுக்கு முகம் சிவந்தது வெயிலால் இல்லை.

இந்தப் பயணத்துக்குப் பின்னால் ஒரு பந்தயம் இருந்தது. அது அவளுக்கும் அவள் மகன் தியெரிக்கும் மட்டும் தெரிந்தது; பிறகு தோழி லூசெத்துக்குத் தெரிந்து, அதனால் ஊருக்கே தெரிந்தது. தியெரிக்கு ஐம்பத்தொரு வயது, இன்சூரன்ஸ் ஆபீசில் நல்ல உத்தியோகம். உலகத்தில் எது எப்போது உடையும் என்று கணக்குப் போடுகிற தொழில். வேலையில் போடுகிற கணக்கை வீட்டிலும் போட்டு, அம்மாவுக்காக ஒரு முதியோர் இல்லத்தில் செப்டம்பரிலிருந்து அறை பேசி வைத்திருந்தான். அறை நல்ல அறைதான். தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், மணியடித்தால் நர்ஸ். ஜிசெல் ஒற்றைக்காலில் நின்று மறுத்தாள். கடைசியில் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவள் இந்தச் சுற்றுலா போய், பார்க்க வேண்டியதை எல்லாம் தன் காலால் நடந்து பார்த்துவிட்டு, தன் காலாலேயே வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தால், அவன் அந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது. நடுவில் ஏதாவது ஆனால் அவள் இல்லத்தில் சேரக் கையெழுத்துப் போட வேண்டும்.

நடுவில் ஏதோ ஒன்று ஆகிவிட்டிருந்தது.

முந்தைய நாள் மதியம் நடந்த கதை அது. வடக்கத்தி ஆட்கள் வெக்கை என்றால் செய்வது ஒன்றே ஒன்றுதான். ஜன்னலைத் திறப்பார்கள். ஊரில் வெயில் என்பது வருஷத்தில் பத்து நாள் வரும் விருந்தாளி. வந்தால் கதவைத் திறந்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். இங்கே வந்தும் அதையே செய்தார்கள். மதியம் ஒரு மணிக்கு, நாற்பது டிகிரியில், மூன்றாம் மாடி முழுக்க ஜன்னல்களுக்கு வெளியே வெயிலை மறைக்கிற மரக்கதவுகளை விரியத் திறந்து, ஜன்னல்களையும் திறந்து, "ஆ, காத்து வருது" என்று ஆளுக்கொரு கட்டிலில் சாய்ந்தார்கள். வந்தது காற்று இல்லை, அனல். மொன்தராக் ஊரே கதவடைத்து இருட்டில் படுத்திருந்த நேரத்தில் இந்த ஒரு ஹோட்டலின் ஒரு மாடி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு வெயிலைக் குடித்தது. போதாக்குறைக்கு, லூசெத் பெட்டியில் கொண்டு வந்திருந்த ஊர்ப் பாலாடைக்கட்டி உருகி, தாழ்வாரம் முழுவதும் செத்த எலி நாற்றம் அடித்தது. சுத்தம் செய்ய வந்த பெண் தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஓடிக் கதவுகளைச் சாத்துவதற்குள் ஜிசெலுக்குத் தலை சுற்றிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் கட்டிலிலேயே சாய்ந்தாள். பத்து நிமிடம். எழுந்து இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தாள், சரியாகிவிட்டது. அதற்குள் லூசெத் பதறி மாக்சன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். அவன் படிவத்தில் "மயக்கம்" என்று எழுதி தியெரிக்கு அனுப்பிவிட்டான்.

தியெரி இப்போது போனில் வந்தான்.

"அம்மா, பந்தயம் முடிஞ்சு போச்சு. ஆபீஸ் முடிஞ்சதும் கார்ல கிளம்பறேன். நாளைக்குக் காலையில அங்க இருப்பேன். பெட்டியைக் கட்டி வை."

"நான் கட்டில்ல படுத்திருந்தேன்டா. கட்டில்ல படுக்கறது குத்தமா?"

"மயங்கிட்டேன்னு எழுதியிருக்கு."

"எழுதினவன் எழுதுவான்."

"அம்மா, வாதம் வேண்டாம். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல."

அவன் வைத்துவிட்டான். மகன் குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம் இருந்தது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கிற மனநிலையில் இல்லை.

அன்று பகல் முழுவதும் ஷாப்பிங் சென்டரில் கழிந்தது. அரை மணி நேரத்துக்கு எல்லாரும் ஐஸ்கிரீம் பெட்டிகளை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு துவைக்கும் இயந்திரங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஸ்தானிஸ் என்று ஒரு கிழவர், எண்பது வயது, போலந்து வம்சம், நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் கிடந்தவர். அவர் ஒரு குளிர்சாதன அலமாரி முன்னால் நின்று சத்தமாகச் சொன்னார்:

"இந்த ஊர்ப் பட்டாணி பாத்தாச்சு. சரித்திரப் பிரசித்தி பெற்ற பட்டாணி. ஃபோட்டோ எடுத்துக்கலாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜிசெல் சிரிக்கவில்லை. அவள் கேன்டீன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

அவள் பதினாலு வயதில் லினன் மில்லுக்குப் போனவள். ஈர நூற்பு. நூல் வெந்நீர்த் தொட்டியில் முங்கி வெளியே வரும். வருகிற வேகத்தில் தண்ணீரை ஆள் மேல் விசிறி அடிக்கும். வெறுங்காலோடு வெந்நீரில் நிற்க வேண்டும். வெளியே பனி பெய்தாலும் உள்ளே முப்பத்தைந்து டிகிரி, மூச்சு விட்டால் நீராவி. முப்பத்தொரு வருஷம் அதில் நின்றிருக்கிறாள், அதில் பன்னிரண்டு வருஷம் தொழிற்சங்கப் பிரதிநிதியாக. அவளுக்கு வெக்கையைப் பற்றி இருபத்தேழு வயதுப் பையன் பாடம் எடுக்கிறான்! வெக்கையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். வெக்கையை எதிர்த்து முட்டக் கூடாது, அது அசந்த நேரம் பார்த்து வேலையை முடிக்க வேண்டும். மில்லில் அதற்கு ஒரு நேரம் இருந்தது. காலை ஐந்து மணி ஷிப்ட்.

அவள் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள்.

"இங்க எத்தனை பேர் காலை ஷிப்ட் பாத்தவங்க?"

கைகள் எழுந்தன. மில், சுரங்கம், இரும்பு ஆலை, பேக்கரி, ஆஸ்பத்திரி. லூசெத் பள்ளிக்கூடச் சமையல்காரி, அவளும் தூக்கினாள்.

"இன்னும் நாலு மணிக்குத் தானா முழிப்பு வருதா இல்லையா?"

"அந்தக் கொடுமையை ஏன் கேக்கறே?" என்றார் ஸ்தானிஸ். "பென்ஷன் வாங்கி இருவத்தெட்டு வருஷம் ஆச்சு. நாலு மணியானா கண்ணு தொறந்துக்குது. எழுந்து என்ன செய்யறதுன்னு தெரியாம சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

"நாளைக்குச் சுவத்தைப் பாக்க வேண்டாம். கோபுரத்தைப் பாப்போம். நாலே முக்காலுக்கு ஹோட்டல் வாசல். ஒம்பது மணிக்குள்ள திரும்பி வந்து, கதவைச் சாத்திட்டு இருட்டுல படுத்துக்கறோம், இந்த ஊர்க்காரங்க மாதிரி."

"பஸ்?" என்று யாரோ கேட்டார்கள்.

"டிரைவருக்குச் சட்டப்படி ஓய்வு. அவரை எழுப்பக் கூடாது. அது தொழிலாளி உரிமை. ரெண்டு கிலோமீட்டர்தான், நடக்கலாம்."

லூசெத் குசுகுசுத்தாள். "ஏடி, உன் பேரு லிஸ்ட்ல இருக்கு. நாளைக்கு உன் பிள்ளை வேற வர்றான். வம்பை விலை குடுத்து வாங்காதே."

"நேத்து நீ அந்தத் தம்பியைக் கூப்பிடாம இருந்திருந்தா லிஸ்ட்டே இல்ல. வாயை மூடிட்டுக் கையைத் தூக்கு."

லூசெத் தூக்கினாள். இருபத்திரண்டு கைகள். பட்டியலில் இருந்த ஏழு பேரில் ஐந்து பேர் அதில் உண்டு. மற்ற இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. அவர்களை வர வேண்டாம் என்று ஜிசெலே சொல்லிவிட்டாள். மாக்சன்ஸ் அந்த நேரம் அடுத்த மேசையில் கம்பெனியோடு போனில் மன்றாடிக்கொண்டிருந்தான். அவன் காதில் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் நாலே முக்காலுக்கு இருபத்திரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவர்கூடத் தாமதம் இல்லை. தொப்பி, தண்ணீர்ப் புட்டி, பிளாஸ்கில் சிக்கரி காப்பி. தாமதமாக வந்தால் அரை நாள் கூலி போகும் என்ற பயம் முப்பது வருஷம் கழித்தும் உடம்பில் இருந்தது.

கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. இருபத்தாறு டிகிரி. சிள்வண்டுகள்கூட இன்னும் ஆரம்பிக்கவில்லை. சாலையோரத்து மரங்களின் கீழே நடந்து, கோட்டை வாசலைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது ஜிசெல் அப்படியே நின்றுவிட்டாள்.

பகலில் செத்துக் கிடந்த ஊர் இது. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் மரக்கதவுகள் சுவரோடு சுவராக விரித்துத் திறந்திருந்தன. பெண்கள் வாசலில் தண்ணீர் விசிறினார்கள். ஒருவன் சட்டையில்லாமல் ஏணியில் நின்று கதவுக்குப் பெயிண்ட் அடித்தான். பேக்கரியில் வரிசை நின்றது. இரண்டு கிழவர்கள் வாசற்படியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஊரே காலை ஷிப்டில் இருந்தது.

"பாத்தியா, நம்ம ஆளுங்க!" என்றார் ஸ்தானிஸ்.

அரங்கத்தைச் சுற்றி வந்தார்கள். இரண்டு அடுக்கு வளைவுகள், இரண்டாயிரம் வருஷத்துக் கல். ஜிசெல் ஒரு தூணில் கை வைத்தாள். அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத அடுப்பு மேடை மாதிரி கல்லுக்குள் நேற்றைய வெயில் இன்னும் இருந்தது. எத்தனை பேர் எத்தனை மாதம் இந்தக் கல்லை ஏற்றியிருப்பார்கள், அவர்களுக்கு ஷிப்ட் எப்போது ஆரம்பித்திருக்கும் என்று அவளுக்கு யோசனை போனது. அடிமைகளுக்கு ஷிப்ட் ஏது என்றும் உடனே தோன்றியது. அவளுக்குக் கல்லின் மேல் மரியாதையும் கட்டச் சொன்னவன் மேல் கோபமும் சேர்ந்தே வந்தன.

ஆறு மணிக்குக் கோபுர வாசலில் ஒரு பெண் துடைப்பமும் வாளியுமாக வந்தாள். அறுபது வயது இருக்கும், குட்டை முடி, இடுப்பில் சாவிக்கொத்து. பெயர் மகாலி. நுழைவுச்சீட்டு கொடுப்பது, கூட்டுவது, பூட்டுவது எல்லாம் அவள்தான்.

"எட்டு மணிக்குத்தான் திறப்போம்" என்றாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"எட்டு மணிக்கு வெயில் வந்துடும்மா" என்றாள் ஜிசெல். "எங்ககிட்ட சீட்டு இருக்கு, வந்தன்னைக்கே கம்பெனி குடுத்தது. இன்னைக்குத் தேதி போட்டிருக்கு, நேரம் போடல."

மகாலி இப்போது நிமிர்ந்தாள். அந்தப் பேச்சின் இழுப்பு அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வடக்கா நீங்க? அட, முந்தாநாள் மத்தியானம் ஒரு மணிக்கு ஜன்னலை எல்லாம் திறந்து வச்ச கூட்டம் நீங்கதானா? அங்க பெருக்கறவ என் நாத்தனார். ஊரே சிரிச்சுது. பாலாடைக்கட்டி யாரோடது?"

இருபத்தொரு விரல்கள் லூசெத்தைக் காட்டின.

"பிணம் கிணம் இருக்கோன்னு பயந்துட்டாளாம்" என்றாள் மகாலி. லூசெத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் ஜிசெல் கேட்டாள். "நீ எத்தனை மணிக்கு எழுந்திரிக்கறே?"

"இந்த வெக்கையில நாலரை."

"ஊரு?"

"அஞ்சு."

"அப்புறம் கோபுரம் மட்டும் எட்டு வரைக்கும் ஏன் தூங்குது?"

மகாலி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கேட்க வேண்டியவர்கள் கேட்காத கேள்வியை வேறு யாரோ கேட்டுவிட்டால் வருகிற ஒரு வேகம் அவள் முகத்தில் வந்தது.

"நகராட்சிக்கு மூணு தடவை எழுதிக் குடுத்தேன், ஆறு மணிக்குத் திறக்கலாம்னு. ஏசி ரூம்ல உக்காந்துட்டு, பரிசீலிக்கறோம்னு பதில் போட்டாங்க. போன வருஷமும் அதே பதில்." சாவியை எடுத்தாள். "நீங்களே பரிசீலிச்சுக்கோங்க. நூத்திப் பதினாலு படி. உள்ள இருட்டு, சுவத்தைப் பிடிச்சுட்டு ஏறுங்க. நெஞ்சு வலிச்சா உக்காருங்க. செத்தா என் வேலை போயிடும், அதனால சாகாதீங்க."

முதலில் திடகாத்திரமானவர்கள் போனார்கள். ஜிசெல் கடைசியில் ஏறினாள். தன்னால் பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று அவள் சொல்லிக்கொண்டாள். உண்மையில் தான் நின்று நின்று ஏறுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம். இருபதாவது படியில் நின்றாள். நாற்பதில் நின்றாள். சுழன்று சுழன்று போகிற குறுகலான கல் படிகள். கையகலத் துளைகள் வழியாகத்தான் வெளிச்சம். அறுபதில் கால் நடுங்கியது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், நூறு வரை எண்ணினாள், மறுபடி ஏறினாள். இதயம் காதுக்குள் அடித்தது. பயமாகவும் இருந்தது. இறங்கினால் அறை, தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், மணியடித்தால் நர்ஸ். எழுபது. எழுபத்தைந்து.

எண்பத்திரண்டாவது படியில் உட்கார்ந்திருந்தபோது கீழே வேகமான காலடிச் சத்தம் கேட்டது. பூட்ஸ் கால். பிறகு அந்தக் குரல்.

"அம்மா!"

விடியற்காலையில் காலியான அறைகளைப் பார்த்து அரண்டுபோன மாக்சன்ஸ், ஊரை நெருங்கிக்கொண்டிருந்த தியெரிக்குப் போன் செய்திருக்கிறான். தியெரி நேராகக் கோபுரத்துக்கு வந்துவிட்டான். பத்து மணி நேரம் கார் ஓட்டியவன், ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றவில்லை. தொண்ணூற்றைந்து கிலோ உடம்பை இழுத்துக்கொண்டு எண்பது படி ஓடி வந்ததில் அவனுக்குப் பேச்சு வரவில்லை. இரண்டு படி கீழே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பென்று உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

ஜிசெல் புட்டியை நீட்டினாள். "மெதுவாக் குடி. மடக்கு மடக்குன்னு குடிக்காதே."

குடித்தான். அவன் மூச்சு மெல்ல அடங்கியது. மேலே ஸ்தானிஸ் ஏதோ சொல்லிக் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் வந்தது.

"கீழ போலாம்மா" என்றான். "கார் வாசல்ல நிக்குது."

"இன்னும் முப்பத்திரெண்டு படி இருக்கு."

"கால் நடுங்குது உனக்கு. எனக்குத் தெரியுது."

"நடுங்குது. இல்லைன்னு சொல்லலையே. உனக்கும்தான் நடுங்குது."

"எனக்கு ஐம்பத்தொண்ணு! நான் நேத்துக் கட்டில்ல சுருண்டு விழல!"

"முந்தாநாள். விழல, சாய்ஞ்சேன். மயங்கினதும் வாஸ்தவம்தான். பண்ணின முட்டாள்தனமும் என்னோடதுதான், ஜன்னலைத் திறந்து வச்சேன். தப்பு புரிஞ்சுது. நேரத்தை மாத்திட்டேன். ஒரு தப்பு பண்ணினா ஆளையே தூக்கி உள்ள வச்சிடுவாங்களா? உன்னை எத்தனை தடவை உள்ள வச்சிருக்கணும்?"

தியெரி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். அவள் எதிர்பார்த்தது கத்தலை. அவன் கத்தவில்லை.

"பயமா இருக்கும்மா" என்றான் கைக்குள்ளிருந்தே. "போன் அடிச்சா பயமா இருக்கு. அடிக்கலைன்னாலும் பயமா இருக்கு. நீ தனியா உன் வீட்டு மாடிப்படில இறங்கறதை நெனைச்சா ராத்திரி முழிப்பு வருது. நேத்து வழி முழுக்க, போய்ச் சேரும்போது இருப்பியா இருக்க மாட்டியான்னு நெனைச்சுட்டேதான் ஓட்டினேன். அந்த இல்லத்துல இருந்தா, யாரோ ஒருத்தர் பாத்துக்குவாங்கன்னு நான் தூங்குவேன்."

இத்தனை மாதங்களில் அவன் செலவு, வசதி, டாக்டர் யோசனை என்று ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறான். இதைச் சொன்னதில்லை. ஜிசெலுக்கு அவனை அணைத்துக்கொள்ளத் தோன்றியது. படி குறுகலாக இருந்ததால் அவன் தலையில் மட்டும் கை வைத்தாள். வழுக்கை விழுந்த, வியர்த்த தலை. அவள் மனசு இளகித்தான் போயிற்று. ஆனால் இளகிய நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலம் முழுக்க வருந்திய ஆட்களை மில்லில் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"பயம் உன்னோடதுடா" என்றாள். "வீடு என்னோடது. நீ பயப்படறதுக்கு நான் எதுக்கு வீட்டைக் காலி பண்ணணும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"அப்ப இந்தப் பயத்தை வச்சுட்டு நான் என்ன பண்றது?"

"வச்சுக்கோ. நீ பொறந்த நாள்ல இருந்து நானும்தான் வச்சிருக்கேன். நீ மோட்டார் சைக்கிள் வாங்கினப்போ, பட்டாளத்துக்குப் போனப்போ, நேத்து ராத்திரி முழுக்கத் தூங்காம கார் ஓட்டினப்போ. அதுக்காக உன்னை எங்கயாவது கொண்டுபோய்ப் பூட்டி வச்சேனா?"

தியெரி புட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

ஜிசெல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கணம் நின்று நிதானம் பண்ணிக்கொண்டாள். அவன் தன்னையறியாமல் கையை நீட்டினான், பிறகு தானாகவே அதை மடக்கிக்கொண்டான். அவள் அதைப் பார்த்தாள்.

"நான் விழுந்தா பின்னால நீதான் இருக்கே" என்றாள். "கொஞ்சம் தள்ளியே வா. மூச்சு மேல படுது."

எண்பத்து மூன்று. எண்பத்து நான்கு. அவள் எண்ணிக்கொண்டே ஏறினாள்.